வாங்குறவர் கையெழுத்து

சாத்தூர்
11-1-2025

அன்பு அக்கா ஜெனிட்டாவுக்கு, தம்பி ஜெபசுந்தர் எழுதுறது. நானும் ரீனாவும் பிள்ளையும் ஆண்டவர் கிருபையில இருக்கோம். பனியில நீ போன ரயில் எட்டு மணி நேரம் லேட்டாப் போச்சாமே. மூட்டுவலி எப்படி இருக்கு? டெல்லிக் குளிருக்கு அந்தப் பழைய ஸ்வெட்டர் பத்தாது, வேற வாங்கிக்கோ.

கிறிஸ்மஸுக்கு நீ வந்தப்ப ஒழுங்காப் பேசவே முடியல. வலது காது முழுசாப் போச்சு, இடதுல பாதிதான் மிச்சம். போன்ல நீ பேசுனா ஏதோ கொசு பாடுதுன்னு தோணுது. வாட்சப்ல தட்டுனா நாலு வரிக்குள்ள கோவம் வந்திருது. அதான் நீ ஹாஸ்டல்ல இருந்த காலத்து மாதிரி கடுதாசிக்கே திரும்பிட்டேன். சிரிக்காதே.

பட்டாசுக் கம்பெனி போர்மேன் வேலையை விட்டுட்டேன். கத்தாதே, கத்துனாலும் எனக்குக் கேக்காது. திருவிழா வாணவேடிக்கையில கிட்டப் போய்த் திரி கொளுத்தித்தானே என் காது போச்சு? இப்ப நான் ஒரு பெட்டி செய்யிறேன். ஐந்நூறு மீட்டர் தள்ளி நின்னு பட்டனை அமுக்கினாப் போதும், வாண ஷெல்லு பத்திக்கிடும். வயர் கிடையாது. ஷெட்டு ஒண்ணு பிடிச்சாச்சு. ஏழாயிரம்பண்ணையில இருந்து பதினோரு பொம்பளைக வேன்ல வாராக. அம்புட்டுப் பேரும் வெடிமருந்து கலக்குற மருந்து ரூம்ல கிடந்தவுக. அழகுமீனா அக்காவுக்கு முழங்கை வரைக்கும் தீத்தழும்பு. ஆனா சால்டரிங் பிடிச்சாகன்னா அந்தக் கை நடுங்கவே நடுங்காது.

வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வரும்போல இருக்கு. சென்னையில சீனிச்சாமின்னு ஏஜென்ட், அவரு மூலமா. அனுப்பணும்னா உங்க ஆபீஸ் லைசென்ஸ் வேணுமாம்ல? பதினாறு வருஷமா நீ அங்கன என்னதான் செய்யிறேன்னு நான் கேட்டதே இல்ல. இப்பக் கேக்கேன், சொல்லு.

உன் தம்பி,
ஜெபசுந்தர்


புதுதில்லி
24-1-2025

என் தம்பிக்கு அக்காவின் அன்பு. மூட்டு பரவாயில்ல, ஸ்வெட்டரும் வாங்கியாச்சு. ரீனாவுக்கு நைட் டூட்டியா, பகல் டூட்டியா இப்ப? பிள்ளைக்குச் சளி விட்டுச்சா?

வேலையை விட்டதுக்குக் கத்தத்தான் செஞ்சேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. ஆனா அந்தப் பொம்பளைக மருந்து ரூமை விட்டு வந்தாகன்னு வாசிச்சதும் கோவம் பாதி இறங்கிருச்சு. நல்ல காரியம்லே அது.

என் வேலை என்னன்னு கேட்டியே. காலையில வாசல்லயே போனை வாங்கி வச்சிருவாக. வெளிநாட்டுக்குப் போற புதுப் புதுச் சாதனமெல்லாம் எங்க மேசைக்கு வரும். ஜாமான் வராது, தாள்தான் வரும். டிரோன்னா வயலுக்கு மருந்தடிக்கவா, வேற எதையாவது போடவா? கேமரான்னா கல்யாணம் எடுக்கவா, எல்லையை வேவு பாக்கவா? தாளை வாசிச்சே அதைக் கண்டுபிடிக்கணும். அதுல உயிரான தாளு ஒண்ணு இருக்கு. இந்தப் பொருளை இன்ன இடத்துல, இன்ன காரியத்துக்கு மட்டும்தான் வச்சிருப்பேன்னு வாங்குறவன் தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டுத் தரணும். அது பொய்யின்னா மத்த நூறு தாளும் குப்பைதான்.

உன் ஃபைலு என் மேசைக்கு வந்தா நான் எழுந்து போயிரணும். சொந்தக்காரங்க விஷயத்தைத் தொடக்கூடாதுன்னு ரூல். அதனால கம்பெனி பேரு, நம்பரு ஒண்ணும் எனக்கு எழுதாதே. ஃபாரத்தை நிதானமா வாசி. உனக்கும் நிதானத்துக்கும் ரொம்ப தூரம், அதான் சொல்றேன்.

அக்கா,
ஜெனிட்டா


சாத்தூர்
9-2-2025

அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் சுகம். பிள்ளைக்குச் சளி போச்சு, குறும்பு திரும்பிருச்சு. ரீனாவுக்குப் பகல் டூட்டிதான்.

ஆர்டர் உறுதி! நானூறு பெட்டி! ஷெட்டுல சொன்னதும் பொம்பளைக குலவை போட்டாக, எனக்கே பாதி கேட்டுச்சுன்னாப் பாத்துக்கோ. சேவு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன்.

வாங்குற பார்ட்டி சில மாத்தம் கேக்கான். ஐந்நூறு மீட்டர் காணாதாம், எட்டுக் கிலோமீட்டர் வேணுமாம். டிரோன்ல தூக்கிட்டுப் போற அளவுக்கு எடை குறையணுமாம். யாராவது நடுவுல சிக்னலைத் தடுக்கப் பாத்தாலும் பெட்டி நிக்கக்கூடாதாம். எம்புட்டுப் பெரிய வேடிக்கை நடத்துவான் போல! மூணையும் முடிச்சிட்டேன் அக்கா. பாலிடெக்னிக்ல அரியர் வச்சவன் முடிச்சிட்டேன். வைப்பாத்து மணல்ல ஒண்ணை வச்சிட்டு, பைக்கை எடுத்துக்கிட்டு ஹைவேயில எட்டுக் கிலோமீட்டர் போய் அமுக்கினேன். அங்கன நின்ன என் கூட்டாளி பாண்டிராஜ் போட்டோ அனுப்பினான், பல்பு எரியுது. ரோட்டோரத்துல நின்னு அழுதுட்டேன்.

நீ சொன்ன ரூல் ஞாபகம் இருக்கு. கம்பெனி பேரு எழுதல பாரு.

ஜெபா


புதுதில்லி
20-2-2025

தம்பிக்கு அன்பு. சுகமே இருக்கேன். நீ ரோட்டோரத்துல நின்னு அழுததை வாசிச்சு நானும் அழுதேன். அப்பா பாத்திருந்தா ஊரைக் கூட்டியிருப்பாரு.

ஒரு கேள்வி மட்டும் விடாம அரிக்குது. ஆபீஸ்காரியாக் கேக்கல, அக்காவாத்தான் கேக்கேன். எட்டுக் கிலோமீட்டர் தள்ளி நின்னா வாணவேடிக்கையை எவன்லே பாக்க முடியும்? பட்டனை அமுக்குறவனுக்கே அது தெரியாதே. வேடிக்கையை யாரு தடுக்க வருவா, அதுக்கு எதுக்கு ஒரு ஏற்பாடு? பார்ட்டி யாரு? அவன் முகத்தைப் பாத்திருக்கியா, குரலையாவது ரீனா கேட்டிருக்காளா?

இதுக்கு நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். உனக்கு நீயே சொல்லிப் பாரு, அது போதும்.

ஜெனிட்டா


சாத்தூர்
3-3-2025

அக்காவுக்கு. எல்லாரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

உன் கடிதத்தை மூணு தடவை வாசிச்சேன், மூணு தடவையும் எரிச்சல்தான். சீசன்ல லாரி லாரியா லோடு போகுதே, எந்த வீட்டு வாசல்ல வெடிக்கப் போகுதுன்னு இங்க எவனாவது கேட்டிருக்கானா? ஏஜென்ட் ஆர்டர் கொடுப்பாரு, நாம சரக்குக் கொடுப்போம். அங்கிட்டு ஏஜென்ட் பாடு. தாத்தா காலத்துத் தீப்பெட்டியில இருந்து இதுதான் நடைமுறை. எட்டுக் கிலோமீட்டர் எதுக்குன்னு சீனிச்சாமிகிட்டக் கேட்டேன். ஏதோ கடல் நடுவுல தீவுல விழாவாம், கப்பல்ல இருந்து விடுவாகளாம். போதுமா?

விண்ணப்பம் போட்டாச்சு. பார்ட்டி தாளும் வந்திருச்சு. நீ சொன்ன மாதிரியே அவன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலு வச்சு ஜோரா இருக்கு. இனி உங்க ஆபீஸ் ஆச்சு. சீக்கிரம் முடியணும்னு ஜெபம் பண்ணு. அதுக்கும் ரூல் தடுக்குமா?

ஜெபசுந்தர்


புதுதில்லி
14-4-2025

தம்பிக்கு அக்காவின் அன்பு. பதில் போட ஆறு வாரம் ஆயிப்போச்சு. மேலுக்கு ஒண்ணுமில்ல. தூக்கம்தான் பிடிக்க மாட்டேங்குது.

வெயில் ஆரம்பிச்சிருச்சு. கூலர்ல புல்லு மாத்தினேன். இந்த வருஷம் பெரிய வெள்ளிக்குத் தமிழ் சபையில, ஆண்டவர் சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையில ஒண்ணைப் பத்தி என்னைப் பேசச் சொல்லியிருக்காக. முடியாதுன்னுட்டேன். அதுக்கு வேண்டிய மனசு இப்ப எங்கிட்ட இல்ல.

ரெண்டு நாள் லீவு போட்டு அலமாரியை ஒதுக்கினேன். உன் கவரெல்லாம் பிஸ்கட் டப்பாவுல கிடந்துச்சு. கட்டில்ல வரிசையா அடுக்கிப் பாத்தேன். என் விலாசம் எழுதுறப்ப அந்த இங்கிலீஷ் 'ஜி'க்கு அடியில கொக்கி போட்டு இழுத்து விடுற பாரு, ஏழு நம்பருக்கு நடுவுல கோடு வேற. பொன்னுத்தங்கம் டீச்சர் அதுக்காக உன் விரலைப் பிடிச்சு ஸ்கேல்ல அடிச்சாங்க. கடைசி வரைக்கும் நீ மாத்தவே இல்ல. உலகத்துல வேற யாரும் அப்படி எழுதி நான் பாத்ததில்ல.

கம்பெனி விஷயம் எழுதாதே, நானும் எழுத மாட்டேன். பொதுவா ஒண்ணு சொல்றேன். ஒருத்தரு அனுப்பினதை அவரே திரும்ப வாங்கிக்கலாம். ஒரு வரி எழுதினாப் போதும், ஏன்னு யாரும் கேக்க மாட்டாக. வெக்கமும் இல்ல. ஏலே ஜெபா, இதை ரெண்டு தடவை வாசி. இம்புட்டு எழுதினதே தப்பு, இதுக்கு மேல என்னால முடியாது.

ஜெனிட்டா


சாத்தூர்
27-4-2025

அன்பு மைனிக்கு ரீனாவின் ஸ்தோத்திரம். நீங்க சுகமா இருக்கீகளா? தூக்கம் இல்லைன்னு எழுதியிருந்தீகளே, பிரஷர் பாத்தீகளா? தயவுசெஞ்சு பாருங்க.

உங்க கடிதத்தை இவுக வாசிச்சிட்டுச் சிரிச்சாக. "அக்காவுக்கு வயசாகுது, கவரை எண்ணிக்கிட்டு இருக்கு"ன்னாக. எனக்குச் சிரிப்பு வரல மைனி. திரும்ப எடுத்து நானும் வாசிச்சேன். இவுகளுக்குத் தெரியாம இதை எழுதுறேன்.

பார்ட்டி எழுதிக் கொடுக்கிற தாளு வரவே இல்ல. இன்னைக்கு நாளைக்குன்னு ஏஜென்ட் இழுத்தாரு. கடைசியில சீல் குத்தின வெறும் ஃபாரத்தை அனுப்பிவிட்டு, "பார்ட்டி ஊர்ல இல்ல, நீங்களே நிரப்பிப் போட்டுருங்க"ன்னு சொல்லிட்டாரு. இவுகளும் சாப்பாட்டு மேசையில உக்காந்து எழுதி, பார்ட்டி பேரையும் போட்டாக. ஆஸ்பத்திரியில டாக்டர் போட வேண்டிய கையெழுத்தை நான் போட்டா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிருவாக. அதைச் சொன்னேன். "லாரி கிளம்பணும்னா எந்தக் கையெழுத்து இல்லையோ அதை நிக்கிறவன் போடுவான். இருபது வருஷமா லோடு ரிஜிஸ்டர்ல இதைத்தான் செஞ்சேன், எவன் செத்தான்?"னு கேக்காக. இவுக மனசுல அது பொய்யே இல்ல மைனி, ஒரு வேலை. அவ்வளவுதான்.

பெரிய தப்பா? உங்ககிட்டச் சொன்னா மனசு லேசாகும்னு பாத்தேன். ஆகல.

ரீனா


சாத்தூர்
12-5-2025

அக்கா, நாங்க சுகம். நீயும் சுகம்னு நினைக்கேன்.

பத்து வாரம் முடிஞ்சிருச்சு. உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பதிலும் காணோம். இருநூறு பெட்டி செஞ்சு அடுக்கியாச்சு, மீதிக்கு இடமில்ல. ஷெட்டுல பதினோரு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. பட்டாசுக் கம்பெனி வேன்காரன் வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கான். "தம்பி, அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"னு அழகுமீனா அக்கா கேக்காக. அவுக மறுபடியும் மருந்து ரூமுக்குப் போனா அது யாரு பாவம்?

நான் தப்பான வழியில எதையும் கேக்கல. பக்கத்து மேசையில இருக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை, "என் தம்பி ஃபைலு, கொஞ்சம் பாருங்க"ன்னு. ஊர்ல யாருக்கும் யாரும் செய்யிறதுதான். சொந்தத் தம்பிக்கு இதுகூடச் செய்ய மாட்டியா? அம்மா இருந்தா உன்னைக் கேட்டிருப்பா.

பதில் போடு. ஆறு வாரம் கழிச்சுப் போடாதே.

ஜெபா


புதுதில்லி
30-5-2025

ஜெபா,

சுகம் விசாரிக்கிற தைரியம் எனக்கு இல்ல. இது உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஆபீஸ் தபாலு வந்திருக்கும். அதனால எல்லாத்தையும் நானே சொல்லிடுறேன்.

மார்ச் கடைசியில இருபது ஃபைலு ஒரு கட்டா என் மேசைக்கு வந்துச்சு. ஒண்ணுல சாத்தூர் பின்கோடு. அப்பவே மூடியிருக்கணும். மூடாம ஒரு பக்கம் திருப்பினேன், தம்பி செஞ்ச பெட்டியைப் பாக்கணும்னு ஆசை. அந்தப் பக்கத்துல இருந்தது பெட்டி படம் இல்ல, வாங்குறவன் எழுதிக் கொடுத்ததாச் சொன்ன தாளு. அதுல எழுதியிருந்த ஊர்ப் பேருல 'ஜி'யும் அடியில கொக்கியும் இருந்துச்சு. தேதியில நடுவுல கோடு போட்ட ஏழு இருந்துச்சு.

என் தம்பி ஃபைலு, நான் பாக்கக்கூடாதுன்னு அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேன். கையெழுத்தைப் பத்தி மூச்சு விடல. அதுதான் நான் செஞ்ச தப்பு. வேற ஆளுகிட்டப் போச்சு. அவரு கண்ணுக்கு அது நல்ல தாளு, சீலு இருக்கு, பேரு இருக்கு. விண்ணப்பத்தை நீயே திரும்ப வாங்கிக்கிருவேன்னு ரெண்டு மாசமா தினம் தபால் பிரிவுல போய் நின்னு பாத்தேன். போன திங்கக்கிழமை கேன்டீன்ல அவரு வந்து, "உங்க தம்பி வேலை முடியப் போகுது, ஸ்வீட் எப்போ?"ன்னு கேட்டாரு. டீயை அங்கனயே வச்சிட்டு மேலதிகாரி ரூமுக்குப் போனேன்.

அது வாங்குறவன் எழுத்து இல்ல, என் தம்பி எழுத்துன்னு சொன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டாக. மறுநாள் உன் கவரு நாலைக் கொண்டு போய்க் கொடுத்தேன். உள்ள இருந்த கடிதங்களைக் கொடுக்கல. அது என்கிட்ட இருக்கு.

அந்தப் பெட்டி எங்க போகும்னு எனக்குத் தெரியாது. சத்தியமா உனக்கும் தெரியாது. தெரிஞ்சவன் கையெழுத்துப் போடாம ஒளிஞ்சிக்கிட்டான் பாரு, அதான்லே எனக்குப் பயம். நீ காதைப் பொத்திக்கிட்டு விழுந்து கிடந்த அன்னைக்கு உன் சட்டையில ரத்தத்தைத் துடைச்சவ நான். நானூறு பெட்டிக்கு எத்தனை பேரு அப்படி விழணும்னு கணக்குப் போட்டுப் போட்டு எனக்குத் தலையே வெடிச்சிரும்போல இருந்துச்சு. அந்தப் பதினோரு பேரையும்தான் நினைச்சேன். அவுகளை நினைச்சுத்தான் ரெண்டு மாசம் வாயை மூடியிருந்தேன்.

என்னையும் வேற பிரிவுக்கு மாத்திட்டாக. அதைப் பத்தி ஒண்ணுமில்ல. உண்மையை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடு, ஏஜென்ட் அனுப்பின மெசேஜை அழிக்காதே. நான் லீவு போட்டு வரவா? நீ வான்னு ஒரு வார்த்தை எழுதினா அன்னைக்கே ரயில் ஏறிருவேன்.

அக்கா


சாத்தூர்
19-9-2025

மைனிக்கு. எழுத்து என்னோடது, சொல்றது இவுக. சொன்னபடியே எழுதணும்னு சொல்லிட்டாக. பிள்ளை சுகமா இருக்கான். அதை மட்டும் நானாச் சேத்துக்கிட்டேன். இனி எல்லாம் இவுக சொல்றது.

அக்கா, நீ மூணு கடிதம் போட்டிருக்க. வந்துச்சு.

ஜூன்ல ஆபீசருக வந்தாக. ரெண்டு நாள் ஷெட்டுல உக்காந்து எழுதினாக. செஞ்ச பெட்டி எல்லாத்தையும் எண்ணி சீல் வச்சிட்டாக. நான் எழுதிப் போட்டதை ஒத்துக்கிட்டேன். சீனிச்சாமி போனு அதுல இருந்து ஆஃப். அந்தப் பார்ட்டி விலாசத்துல கம்பெனியே இல்லையாம், பூட்டின கடை ஒண்ணு இருக்காம். இனி வெளிநாட்டுக்கு நான் ஒரு ஸ்க்ரூ அனுப்ப முடியாது. கேசு என்ன ஆகும்னு வக்கீலுக்கே தெரியல.

சீசன் ஆரம்பிச்சதும் பொம்பளைக ஒவ்வொருத்தரா வேன் ஏறிட்டாக. கடைசியாப் போனது அழகுமீனா அக்கா. "உங்க அக்காவைத் திட்டாதீக தம்பி"ன்னு சொல்லிட்டுப் போனாக. இப்ப வாண ஷெல்லுக்குப் போடுற மணி மருந்து கலக்குற ரூம்ல இருக்காக.

நீ செஞ்சது சரிதான்னு ரீனா சொல்றா. தினமும் சொல்றா. (மைனி, இதை எழுத மாட்டேன்னு சொன்னேன், எழுதச் சொல்றாக.) அந்த எட்டுக் கிலோமீட்டரை நானும் நினைச்சுத்தான் பாக்கேன். நினைச்சா சோறு இறங்கல. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போயிட்டு வந்தாலும் சோறு இறங்கல. எந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடன்னு தெரியல அக்கா.

வான்னு எழுதச் சொன்ன. எழுத மாட்டேன். எனக்கு நேராவே, "ஏலே, இது ஒன் எழுத்து, போய்க் கிழிச்சுப் போடு"ன்னு ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே கிழிச்சிருப்பேன். கொக்கி, ஏழுன்னு சுத்தி வளைச்சு எழுதின. ரூலுக்கும் பயந்த, என்னையும் காப்பாத்தப் பாத்த. ரெண்டுல ஒண்ணை முழுசாச் செஞ்சிருக்கலாம் நீ.

என் கையால இனி உனக்கு ஒரு எழுத்தும் வராது. கவர் மேல விலாசமும் ரீனாதான் எழுதுவா. கீழ என் பேரையும் அவளையே போடச் சொல்லிட்டேன். ஒருத்தன் கையெழுத்தை இன்னொருத்தர் போடுறது தப்புன்னா, இதையும் கொண்டு போய் உன் ஆபீஸ்ல கொடு.

ஜெபசுந்தர்